கப்பி ரோட்டின் வேகம்

போன மாதம் பேரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எங்கள் ஊருக்குப் போய்வந்தேன். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் பாதை நாலு கிலோமீட்டர். நாலு நிமிடத்தில் ஊர் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே தூரத்துக்கு பஸ் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இறங்கியதும், "கொஞ்சம் மெதுவாப் போகக் கூடாதாப்பா?" என்றேன். "இந்த ரோட்டுல ஸ்பீடு லிமிட் எவ்வளவு தாத்தா? எங்கயும் போர்டே இல்லையே" என்றான்.

முப்பத்து மூன்று வருடம் கிராமத்து ரோடுகளோடு மாரடித்தவன் நான். ஓவர்சியராகச் சேர்ந்து உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்ததையும், எனக்கே தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்லும் பதில் சின்னது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் எக்ஸ்பிரஸ் சாலை, நாலு வழிச் சாலை, நகராட்சிச் சாலை என்று பிரித்துவிட்டு, கடைசியில் 'இதர சாலைகள்' என்று ஒரு வரி இருந்தது. அதில் காருக்கு 70 கிலோமீட்டர், பைக்குக்கு 60. பிற்பாடு அந்த அறிவிக்கை நீதிமன்றத்துக்கும் போயிற்று, அது வேறு கதை. எங்கள் ஊர்ப் பாதை அந்த 'இதர' கணக்கில் வருவது. தார் போட்டதா, செம்மண்ணா, புல் முளைத்த வண்டித்தடமா என்ற பேச்சே அந்த வரியில் இல்லை. பேரன் சரியாக அந்த அறுபதில்தான் வந்திருக்கிறான்.

ஆனால் அதே பாதைக்கு முன்பு ஒரு வேகம் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பூமி. என் சிறு வயதில் அது கப்பி ரோடு. இளைய தலைமுறைக்குக் கப்பி ரோடு என்றால் தெரியாது. கருங்கல் ஜல்லியைப் பரப்பி, ரோலர் விட்டு இறுக்கி, இடுக்குகளில் கிராவல் தூவி, தண்ணீர் ஊற்றி மறுபடி ரோலர் ஓட்டுவார்கள். கல்லைக் கல்லோடு பிடித்து வைத்திருப்பது அந்த மண்தான். மழைக்காலத்தில் மண் கரையும், கோடையில் தூளாகிப் பறக்கும். மண் போனால் கல் பெயரும். பிறகு கேங் ஆட்கள் கூடையும் மம்பட்டியுமாக வந்து குழியை அடைப்பார்கள். அடுத்த மழை வரை தாங்கும்.

அந்த ரோட்டில் பஸ் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடி கழன்று மடியில் விழும். வில் பட்டை ஒடியும். டிரைவருக்கு யாரும் வேகம் சொல்ல வேண்டியதில்லை. ரோடே சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. பஸ் ஒரு மைல் தள்ளி வரும்போதே புழுதி தெரியும். தோப்புக்கு மேலே சிவப்பாக ஒரு வால் எழும். வால் நீளமாக இருந்தால் வேகமாக வருகிறான், குட்டையாக இருந்தால் மெதுவாக வருகிறான். பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் காயும் துணியை எடுப்பார்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள், ரோட்டில் பரப்பிய கம்பையும் கேழ்வரகையும் ஒதுக்குவார்கள். பஸ் போன பிறகு அந்தப் புழுதியை எல்லோரும் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். என் அம்மாவுக்கு வருடம் பூராவும் இருமல்.

வேக வரம்பு என்ற ஏற்பாட்டின் சரித்திரமே பெரும்பாலும் இந்தப் புழுதியின் சரித்திரம்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் இங்கிலாந்து வரை போய்வர வேண்டும், ஏனென்றால் நம் மோட்டார் சட்டங்களுக்குத் தாய்வீடு அது.

அங்கே 1865-ல் ஒரு சட்டம் வந்தது. நீராவி எஞ்சின் வண்டிகள் ரோட்டில் ஓடத் தொடங்கிய காலம். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்கு அறுபது கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். நம்மில் பலர் இதைக் கேட்டுச் சிரித்திருப்போம். ஆனால் ரோடு என்பது அன்றைக்குக் குதிரைக்கும் மாட்டுக்கும் நடப்பவருக்கும் உரியது. புதிதாக வந்தவன்தான் ஒதுங்கிப் போக வேண்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு? கொடி பிடிக்கிற கட்டாயம் 1878-லேயே தளர்ந்துவிட்டது, வேகம் மட்டும் அப்படியே நின்றது.

1896 ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் பேடக் வுட் என்ற ஊரில் வால்டர் அர்னால்டு என்பவர் 8 மைல் வேகத்தில் மோட்டார் வண்டி ஓட்டிப் போனார். சட்டம் 2 மைல்தான். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக அபராதம் ஒரு ஷில்லிங், அதோடு வழக்குச் செலவு. அந்த வருடம் நவம்பரிலேயே சட்டம் மாறி, 14 மைல் வரை போகலாம் என்று ஆயிற்று. உள்ளாட்சி வாரியம் அதை 12-ஆகக் குறைத்தது. பிறகு 1903-ல் வந்த சட்டம் 20 மைல் என்றது. ஏதாவது ஓர் ஊர்க்காரர்கள் வேண்டும் என்று கேட்டால், தங்கள் ஊருக்குள் மட்டும் 10 மைல் என்று குறைத்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள்.

ஊர்க்காரர்கள் ஏன் கேட்டார்கள் என்பதுதான் விஷயம். இடித்துவிடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றாடம் அவர்கள் பட்ட பாடு புழுதி. ரோட்டோரத்து வேலிச்செடி வெள்ளையாகிவிடும். கொடியில் காயும் துணி வீணாகும். பழத்தோட்டக்காரனுக்கு விலை போகாது. ரோட்டைப் பார்த்த வீட்டுக்கு வாடகைக்கு வர ஆள் கிடையாது. 1905-ல் இதை விசாரிக்க அரசு ஒரு கமிஷனே போட்டது. மோட்டாரின் மேல் ஜனங்களுக்கு இருந்த வெறுப்புக்குப் புழுதி ஒரு பெரிய காரணம் என்பது அந்த விசாரணையில் தெளிவாக வந்தது.

இங்கே ரோடு போட்டவன் என்ற முறையில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மெக்காடம் என்பவர் 1816 வாக்கில் பிரிஸ்டலில் ரோடு மேற்பார்வையாளராக இருந்து, சின்னச் சின்னதாக உடைத்த கல்லைப் போட்டு ரோடு அமைக்கும் முறையைப் பரப்பினார். நம் கப்பி ரோட்டுக்கு அவர்தான் பாட்டன். அந்த ரோடு இறுகியது எப்படி? இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறி ஏறிக் கல்லின் முனையை மாவாக்கும். அந்த மாவு இடுக்கில் இறங்கி, மழைத் தண்ணீரில் இறுகிவிடும். அதாவது வண்டி போகப் போக ரோடு கெட்டிப்படும். ரப்பர் டயர் வந்ததும் இது தலைகீழானது. வேகமாகச் சுழலும் ரப்பர் டயர் மாவை நசுக்குவதில்லை, இடுக்கிலிருந்து உறிஞ்சி எடுத்துப் பின்னால் வீசுகிறது. புழுதி என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்வது ரோட்டின் உயிரை. மண் பறந்துபோன ரோட்டில் அடுத்து கல் பெயர வேண்டியதுதான்.

இதற்கு முதலில் மருந்து சொன்னவர்களில் ஒருவர் டாக்டர். சுவிட்சர்லாந்துக்காரர், குக்லியெல்மினெட்டி என்று பெயர். நுரையீரலுக்குக் கேடு என்று 1902-ல் மொனாக்கோவில் ரோட்டின்மேல் சுடச்சுடத் தாரை ஊற்றிப் பார்த்தார். புழுதி அடங்கியது. ஜனங்கள் அவருக்கு 'டாக்டர் தார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1908-ல் பாரிஸில் உலக ரோடு மாநாடு முதல்முதலாகக் கூடியதும் மோட்டாரால் ரோடுகள் சீரழிவதைப் பற்றிப் பேசத்தான். மறு வருடம் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு வரி போட்டு, ரோடு வாரியம் அமைத்து, அந்தப் பணத்தை ரோட்டின் மேற்பரப்பைச் சீராக்கச் செலவிட்டார்கள். ஊர் ஊராகத் தார் ஏறியது.

புழுதி போயிற்று. புழுதியோடு கோபமும் போயிற்று. 1930-ல் காருக்கு வேக வரம்பே வேண்டாம் என்று அங்கே எடுத்தும்விட்டார்கள். 1934-ல் மட்டும் அந்த நாட்டு ரோடுகளில் 7,000 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருடம் மார்ச்சில், வீடுகள் நெருங்கிய இடங்களில் 30 மைல் என்று திரும்பவும் வரம்பு வந்தது.

நம் நாட்டுக்கு முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. ஆனால் நம்முடைய சிக்கல் வேறு மாதிரி. இங்கே மாட்டு வண்டி மறையவில்லை. ஒரே கப்பி ரோட்டில் இரும்புப் பட்டைச் சக்கரமும் ரப்பர் டயரும் சேர்ந்து ஓடின. பாரம் ஏற்றிய வண்டியின் ஒடுக்கமான பட்டை ரோட்டைக் கத்தி போலக் கீறும், பஸ் டயர் கீறின இடத்திலிருந்து மண்ணை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் எந்த ஜில்லா போர்டால் தாங்க முடியும்? 1927-ல் ஜெயகர் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். அதன் பயனாக 1929-ல் பெட்ரோல் வரியிலிருந்து மத்திய ரோடு நிதி உண்டாயிற்று. 1943-ல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள்தான் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று வரிசை பிரித்தார்கள். கிராமச் சாலை கடைசியில். அது அன்றும் கடைசி, நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் கடைசி. 2000 டிசம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்த பிறகுதான் பல ஊர்கள் தாரைக் கண்டன.

எங்கள் ஊருக்கு அதற்கு முன்பே வந்தது, 1987-ல். ஊர்ப் பெரியவர்கள் இருபது வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையின் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது நான். சொந்த ஊருக்குத் தார் ரோடு போடுகிற பாக்கியம் எத்தனை ஓவர்சியருக்குக் கிடைக்கும்? ரோலருக்கு மாலை போட்டார்கள். என் பெரிய அத்தை பானகம் கரைத்து வந்து கேங் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தார்.

அடுத்த தை மாதம். அத்தை வழக்கம்போல ரோட்டில் நெல் பரப்பி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தார். அறுபது வருடமாக அப்படித்தான் உட்கார்ந்தவர். பஸ் வந்தால் லொடலொடவென்று சத்தம் கேட்கும், எழுந்துகொள்ளலாம். அன்று வந்தது ஒரு வாடகைக் கார். புழுதி எழவில்லை, சத்தமும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தபோது கார் நெல்லின்மேல் ஏறியிருந்தது. நெல்மணியில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்பது ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

உயிர் தப்பிவிட்டார். இடுப்பெலும்பு போயிற்று. அதற்கப்புறம் ஏழு வருடம் இருந்தார், திண்ணையை விட்டு இறங்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோடு போட்டது நீதானேப்பா?" என்றார். குற்றமாகக் கேட்டாரா, பெருமையாகக் கேட்டாரா, இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

நெல்லை ரோட்டில் காயவைத்தது தப்பு என்பார்கள். தப்புதான். ஆனால் கப்பி ரோட்டில் அது தப்பாக இல்லையே.

வாரம் திரும்புவதற்குள் ஊர் இளைஞர்கள் ஒரு தென்னந்துண்டை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் செம்மண் கொட்டி மெத்திவிட்டார்கள். அனுமதி இல்லாத வேகத்தடை, உடனே அகற்றவும் என்று மேலேயிருந்து எனக்கே உத்தரவு வந்தது. கேங் ஆட்களோடு போய் எடுத்தேன். மறுநாள் காலையில் திரும்ப இருந்தது. மறுபடி எடுத்தேன். மூன்றாம் தடவை போனபோது மேஸ்திரி மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டார். "சார், நம்ம போட்ட ரோட்டுல அவங்க ஒரு முழம் பழைய ரோட்டைக் கேக்குறாங்க. அவ்வளவுதானே?" என்றார். படிக்காத மனிதர். வேகத்தடை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பொறியியல் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

வேகத்தடையை ஆராய்ந்து வடிவமைத்தவர்களில் ஒருவர் நோபல் பரிசு வாங்கிய இயற்பியல்காரர், ஆர்தர் காம்ப்டன். 1953-ல், தான் வேலை பார்த்த பல்கலைக்கழக வாசலில் கார்கள் பறக்கின்றன என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். நம் இந்திய ரோடு காங்கிரஸ் 1988-ல் அளவு வகுத்தது. 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம். அந்த அளவில் போட்டால் முதுகும் தப்பும், வேகமும் அடங்கும். தென்னந்துண்டு இருபது சென்டிமீட்டர் இருந்தது. ராத்திரியில் சைக்கிளில் வந்த ஒருவர் அதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார் என்பதையும் மறைக்கக் கூடாது.

மண் ரோடு என்றால் வேகமே போக முடியாது, அதனால் பத்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தார் ரோட்டில் அறுபதில் வரும் கார், பிரேக் பிடித்தபின் சுமார் 20 மீட்டரில் நிற்கும். உதிரிச் சரளையில் அதுவே 35 மீட்டர் வரை இழுத்துக்கொண்டு போகும். இது போக அலை விழுந்த மண் ரோடு ஒன்று உண்டு, துணி துவைக்கும் கல்லில் கொத்திய வரிகள் போல. அது ஏன் விழுகிறது என்று 2007-ல் சில விஞ்ஞானிகள் மணலின்மேல் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். வண்டியின் வில்லும் டயரும் காரணமல்ல, வேகம் ஓர் அளவைத் தாண்டினால் அலை தானாகவே விழுகிறது என்று கண்டார்கள். ஆள் வேகமாக நடக்கிற வேகத்தைச் சற்றே தாண்டினாலே போதுமாம். இந்த அலையின்மேல் மெதுவாகப் போனால் எலும்பு கழலும், பறந்தால் குலுக்கல் தெரியாது. ஆனால் டயர் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுத் தாவுவதால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பாதிதான் பிடிக்கும். 1953-ல் வந்த 'வேஜஸ் ஆஃப் ஃபியர்' என்ற பிரெஞ்சுப் படத்தில், நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரியை இப்படி ஒரு ரோட்டில் ஓட்டுவார்கள். பார்க்காதவர்கள் பாருங்கள்.

என் மகள் அயர்லாந்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, நடுவில் புல் முளைத்த, ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய சந்தின் வரம்பு 80 கிலோமீட்டர் என்று மாப்பிள்ளை சொன்னார். எண்பதில் போனால் அடுத்த வளைவில் வேலிக்குள் இருப்போம். அவர்களும் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, 2025 பிப்ரவரியில் அத்தகைய கிராமச் சாலைகளுக்கு 60 என்று குறைத்திருக்கிறார்கள். நம் 'இதர சாலைகள்' கதை அங்கேயும்.

ஆனால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுச் சட்டத்தையும் படித்தால் வேறொன்று தெரிகிறது. நம் 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தாக ஓட்டுவது பற்றியது. ஓட்டும் இடத்தின் தன்மை, அதன் நிலைமை, அந்த இடம் எதற்குப் பயன்படுகிறது, அங்கே எவ்வளவு போக்குவரத்து இருக்கிறது, எவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், இத்தனையையும் வைத்துத்தான் ஒரு வேகம் ஆபத்தானதா என்று பார்க்க வேண்டும் என்கிறது. இது புதிதாக எழுதியதல்ல. புழுதிச் சண்டை உச்சத்தில் இருந்த 1903-ன் ஆங்கிலச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். போர்டில் இருக்கிற எண் மேல்வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு என்பதை இடம்தான் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 112-வது பிரிவு, ரோட்டின் தன்மையை வைத்துக் குறைந்த வரம்பு விதித்துப் பலகை நட மாநில அரசுக்கு அதிகாரமும் கொடுத்திருக்கிறது. என் முப்பத்து மூன்று வருடத்தில், நான் பார்த்த கிராமச் சாலை எதற்கும் அப்படி ஒரு பலகை கேட்டு நான் ஒரு குறிப்புக்கூட எழுதி மேலே அனுப்பியதில்லை. தோன்றவே இல்லை. தார் போடுவதுதான் வேலை என்று இருந்துவிட்டேன்.

தென்னந்துண்டு விஷயத்தில் கடைசியில் ஒரு வழி செய்தேன். உத்தரவுப்படி எடுத்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினேன். அதே வாரம், வேறொரு வேலையில் மிஞ்சிய தாரும் ஜல்லியும் இருந்தது. மேஸ்திரியை வைத்து அதே இடத்தில் அகலமாக, ஏறி இறங்கத் தோதாக ஒன்று போட்டோம். உயரம் மட்டும் பதினைந்து வைத்தேன். அத்தை வீட்டு வாசல் அது. எந்த ரிஜிஸ்டரிலும் அது கிடையாது. பிற்பாடு இரண்டு தடவை ரோடு புதுப்பித்தபோதும், புதிதாக வந்தவர்கள் அதைக் கண்டு, யாரோ கணக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் திரும்பி வரும்போது பேரன் அங்கே பிரேக் அடித்து, ஏறி இறங்கி, முனகினான்.

"யாரு தாத்தா இதை இவ்வளவு உயரமாப் போட்டது?"

"மெதுவாப் போ" என்றேன்.